பழைய இடம், புதிய நேரம்

எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் நான் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று நிரூபன் ஒரு மாதமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறான். இன்று உங்களுக்கெல்லாம் பொறுப்பாக இருப்பவன், என்னுடைய காலத்தில் கடைசி மேசையில் இருந்து பாட்டுக் கேட்டுக்கொண்டே வரைபடம் கீறியவன். "கோட் எழுதுறதைப் பற்றி வேண்டாம் அக்கா, அதைப் பிள்ளையள் தாங்களே படிப்பினம். நீங்கள் விட்ட பிழையைப் பற்றி எழுதுங்கோ" என்றான். ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் ஒரு மனுசியிடம் இப்படிக் கேட்பதற்குத் துணிவு வேண்டும். அது அவனுக்கு எப்போதும் தாராளமாக இருந்தது.

எழுதத் தொடங்க முன்னர் நீங்கள் எழுதிய நிரல்களில் கொஞ்சத்தை வாங்கிப் பார்த்தேன். நன்றாக எழுதுகிறீர்கள், மனதாரச் சொல்கிறேன். ஆனால் கணினியிடம் மெமரி கேட்கிற இடங்களைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களில் நாலு பேர், கேட்டால் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் அடுத்த வரியிலேயே பாவிக்கத் தொடங்குகிறீர்கள். பந்தியில் இருந்தாயிற்று, சோறு வரும்தானே என்ற மாதிரி. ஐந்தாமவர் கிடைக்கும்வரை ஓயாமல் கேட்டுக்கொண்டே நிற்கிறார். ஆறாமவர், பெயர் சொல்லப் போவதில்லை, மெமரி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற இடத்தில் "இது நடக்காது" என்று ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

உங்களைக் கண்டிக்க எனக்குத் தகுதி கிடையாது. இந்த ஆறு பேரையும் விட மோசமான காரியத்தை நான் செய்திருக்கிறேன். அதுவும் நன்றாக யோசித்து, நல்லெண்ணத்தோடு செய்தேன்.

நாங்கள் செய்கிற வேலை என்ன என்று வீட்டில் யாராவது கேட்டால் நீங்கள் எப்படிச் சொல்வீர்களோ தெரியாது. நான் இப்படித்தான் சொல்வேன்: ட்ரைவர் என்பது ஒரு கருவிக்கும் கணினிக்கும் நடுவில் நின்று கதைக்கிற சின்ன நிரல். கருவி ஒரு செய்தியைக் கொண்டுவந்து தட்டினால், அதை இறக்கி வைக்க ட்ரைவர் கணினியிடம் கொஞ்சம் இடம் கேட்கும். அந்த இடம்தான் மெமரி. கருவி வாசலில் காத்துக்கொண்டு நிற்காது. இடம் இல்லை என்று பதில் வந்தால் அந்தக் கணமே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அந்த முடிவை நீங்கள் எத்தனையோ மாதத்துக்கு முன்னர், மானிப்பாய் அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு எடுத்து வைத்துவிட்டீர்கள். அதுதான் இந்தத் தொழிலில் எனக்கு இன்றைக்கும் பயமான விசயம்.

வல்வெட்டித்துறைப் பக்கத்தில் ஒரு மீனவர் சங்கத்துக்கு நாங்கள் ஒரு வேலை செய்து கொடுத்தோம். சங்கத்தின் ஒவ்வொரு படகிலும் ஒரு சின்னப் பெட்டி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது தான் நிற்கும் இடத்தை வானொலி அலையில் அனுப்பும். ஆபத்து என்றால் பெட்டியில் இருக்கும் பொத்தானை அமத்தினால் உடனேயும் அனுப்பும். கரையில் சங்கக் கட்டடத்தில் ஒரு கணினி, அதற்குள் அலைகளை வாங்கும் அட்டை. அந்த அட்டைக்கு ட்ரைவர் எழுதியது நான். வந்த இடங்களை நீலக் கடலில் புள்ளிகளாகக் காட்டும் வரைபடத்தைச் செய்தது நிரூபன். அந்த நீலத்துக்காக மட்டும் அவன் ஒரு கிழமை மெனக்கெட்டான்.

முதலில் நான் எழுதியது ஒழுங்கானதுதான். மெமரி கிடைக்காவிட்டால் பிழை என்று சொல்லும், வரைபடத்தில் அந்தப் படகின் புள்ளி சிவப்பாகும். அது சின்னக் கணினி, நிரூபனின் வரைபடமோ மெமரியைப் பெரும் தீனியாகத் தின்கிறது. அதனால் நாளுக்கு ஒரு தடவையாவது எங்காவது ஒரு புள்ளி சிவந்து, அடுத்த நிமிடம் பழைய நிறத்துக்கு வரும். ஒவ்வொரு தடவையும் சங்கத் தலைவர் எனக்கு ஃபோன் எடுப்பார். நாற்பது வருடம் கடலுக்குப் போன மனிதர், மிகவும் மரியாதையாகக் கதைப்பார். "மிஸ், இண்டைக்கும் சிவப்பு வந்தது. பொம்பிளையள் பாத்திட்டு அழுகினம். ஏதும் செய்யேலாதோ?"

செய்யலாம் என்று நினைத்தேன். நான் வளர்ந்த வீட்டில், சீனி கேட்டு வந்த அயலவருக்கு அம்மா 'இல்லை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. சீனி இல்லாவிட்டால் பனங்கட்டி கொடுப்பார். அதுவும் இல்லாவிட்டால் இருத்தித் தேத்தண்ணியாவது கொடுப்பார். எங்கள் கடைக்காரர்களும் அப்படித்தான், சாமான் இல்லாவிட்டால் 'நாளைக்கு வரும்' என்பார்கள். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது எங்களுக்கு ஊறிப்போன பழக்கம். நல்ல பழக்கம். அதை நான் ட்ரைவருக்குள் கொண்டுபோய் வைத்தேன். புதிய செய்தியை இறக்க மெமரி இல்லையா, பரவாயில்லை, எந்தப் படகு என்ற எண் மட்டும் தெரிகிறதுதானே, அந்தப் படகு கடைசியாகச் சொன்ன இடத்தையே திரும்பவும் எடுத்துக் கொடு. நேரத்தைப் படகு அனுப்புவதில்லை. செய்தி வந்த நேரத்தை என் ட்ரைவர்தான் போடும். ஆகவே பழைய இடத்துக்குப் புதிய நேரம் போட்டுக் கொடுத்தேன்.

சிவப்பு நின்றுவிட்டது. சங்கத்தில் எல்லாருக்கும் சந்தோசம். தலைவர் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெட்டி மீன் அனுப்பினார். நாங்கள் அதைப் பங்கிட்டுக்கொண்டு போய்ச் சமைத்துச் சாப்பிட்டோம்.

பிறகு ஒரு மாரிகால நாள். அன்ரெனா வயரைக் காகம் கொத்திவிட்டது என்று சொன்னதால், காலையில் இரண்டு பஸ் மாறி நான் சங்கத்துக்குப் போயிருந்தேன். வயரை மாற்றி முடிக்கும்போது கிழக்குப் பக்கமிருந்து காற்று எழும்பிவிட்டது. வழமையாக வரும் காற்றுத்தான், ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. கடலில் நின்ற படகுகள் எல்லாம் கரைக்குத் திரும்பத் தொடங்கின. கரையில் ஆட்கள் கூடினார்கள். கணினி இருந்த அறை நிறைந்துவிட்டது.

அந்தக் கணினிக்கு முன்னால் இருப்பவர் சுகந்தி. சங்கத்தில் வேலை செய்கிறவர், என்னைவிட இருபது வயது குறைந்தவர். கணினி என்ன காட்டினாலும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு படகின் இடத்தையும் இலக்கமாகத் தன் கையால் ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். நாங்கள் அவரைப் பகிடி பண்ணுவோம். கணினி கொண்டுவந்ததே எழுத்து வேலையைக் குறைக்கத்தானே என்று நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன். "எழுதினால்தான் அக்கா எனக்கு மனசிலை நிக்கும்" என்று சிரித்துவிட்டுத் தொடர்ந்து எழுதினார்.

மத்தியானத்துக்குள் எல்லாப் படகும் வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. அது சுகந்தியின் கணவர் யோகனுடைய படகு. யோகனோடு அன்று போயிருந்தது சுகந்தியின் தம்பி. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் இல்லை. ஆனால் வரைபடத்தில் புள்ளி இருந்தது, வடகிழக்கே அசையாமல், நல்ல நிறத்தோடு, சரியான நேரத்தோடு. நங்கூரம் போட்டுக் காற்றுக் குறையப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தலைவர் சொன்னார். என்றாலும் எதற்கும் போய்ப் பார்க்கட்டும் என்று இரண்டு படகுகளை அந்தப் புள்ளிக்கு அனுப்பினார். அவை புறப்பட்டு ஐந்து நிமிடம் இருக்கும்.

சுகந்தி கொப்பியைத் தூக்கி எனக்கு முன்னால் வைத்தார்.

"அக்கா, இதைப் பாருங்கோ. அஞ்சு தரம் எழுதியிருக்கிறன். அஞ்சும் ஒரே இலக்கம்."

"நங்கூரம் போட்டால் ஒரே இடத்திலைதானே பிள்ளை நிக்கும்" என்றார் தலைவர்.

"நங்கூரம் போட்டாலும் வள்ளம் ஆடும் அண்ணை. உந்தக் காத்துக்குக் கடைசி இலக்கம் எண்டாலும் மாறவேணும். நான் ஒவ்வொரு நாளும் எழுதிறன், எனக்குத் தெரியும். உது ஆடேல்லை. உது வள்ளம் இல்லை."

அவர் சொல்லி முடிக்க முன்னரே எனக்கு விளங்கிவிட்டது. காற்று எழும்பியதும் எல்லாப் படகிலும் பொத்தானை அமத்தத் தொடங்கியிருக்கிறார்கள். அறையில் நின்றவர்களுக்குத் தெரியட்டும் என்று வரைபடத்தையும் யாரோ பெரிதாக்கியிருக்கிறார்கள். மெமரி முடிந்துவிட்டது. மற்றப் படகுகளின் புள்ளிகளும் இடைக்கிடை பொய்தான் சொல்லியிருக்கும், அவர்கள் வந்து சேர்ந்துவிட்டபடியால் ஒருவரும் கவனிக்கவில்லை. பொய்ப் புள்ளி ஒன்றை நோக்கி இரண்டு படகுகள் போய்க்கொண்டிருக்கின்றன.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கம். நான் உடனே வாய் திறக்கவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். கணினியைத் தட்டிச் சத்தமில்லாமல் சரிப்பண்ணிவிடலாமா, புள்ளி தானாக நகர்ந்தால் யாருக்கும் தெரியவராதே என்றெல்லாம் அந்த நிமிடத்தில் யோசித்தேன். நீங்களும் யோசிப்பீர்கள். யோசிக்காத ஆளை நான் இந்தத் தொழிலில் காணவில்லை. யோசியுங்கள், ஆனால் ஒரு நிமிடத்துக்கு மேல் போக விடாதீர்கள். அந்த ஒரு நிமிடத்திலும் படகுகள் பிழையான பக்கம் போய்க்கொண்டிருந்தன.

"சுகந்தி சொல்லுறது சரி" என்றேன். "அது பழைய இடம். புது நேரத்தைப் போட்டுக் காட்டுற மாதிரி எழுதினது நான்தான். பிழை என்ரை. இப்ப அவை எங்கை எண்டு கொம்பியூட்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

சுகந்தி என்னை ஏசுவார், ஏன், அடித்தாலும் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அது எப்பத்தையான் இடம்?"

அந்த நேரத்தை அழித்ததே என் ட்ரைவர்தானே. அவரே கொப்பியை இழுத்து விரலை மேலே கொண்டுபோனார். "பதினொண்டு இருவதுக்குத்தான் கடைசியா மாறியிருக்கு. அதுக்குப் பிறகு எல்லாம் ஒண்டு" என்றார். நாங்கள் பகிடி பண்ணிய கொப்பி அது. அதைத் தவிர அந்த அறையில் உண்மை சொல்ல வேறொன்றும் இருக்கவில்லை.

பதினொன்று இருபது என்றதும் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் பார்த்தார். எஞ்சின் நின்றிருந்தால், இந்தக் காற்றும் நீரோட்டமும் அந்த இடத்திலிருந்து முக்கால் மணித்தியாலத்தில் ஒரு படகை எங்கே கொண்டுபோகும் என்று. "மேற்கை போயிட்டுது" என்று வயர்லெஸ்ஸை எடுத்தார். "பிள்ளையள், அங்கை போகாதையுங்கோ. திருப்புங்கோ. மேற்கை பாத்துக்கொண்டு வாங்கோ."

என் பங்குக்கு நான் செய்ய ஒன்று இருந்தது. யோகனின் பெட்டி உயிரோடு இருந்தால் இப்போதும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். அதை இறக்கி வைக்க இடம் வேண்டும். நிரூபனுக்கு ஃபோன் எடுத்தேன். கணினியை நிறுத்தித் திரும்பப் போடச் சொன்னான். அது எழும்பிவர எட்டு நிமிடம் எடுக்கும், அந்த எட்டு நிமிடத்தில் வருவதெல்லாம் காற்றோடு போய்விடும். முடியாது என்றேன். "அப்ப என்ன செய்யப் போறியள்?" என்றான். "உன்ரை மேப்பைக் கொல்லப் போறன்" என்றேன்.

"அக்கா, மேப் போனால் சனம் பயந்திடும்."

"பயப்பிடட்டும்."

மெமரியைத் தின்றுகொண்டிருந்த வரைபடத்தை நிறுத்தினேன். நீலக் கடல் போய்த் திரை கறுத்தது. பின்னால் நின்ற பெண்கள் அழத் தொடங்கினார்கள். கறுப்பில் வெள்ளை எழுத்தாக வெறும் இலக்கங்கள் வரத் தொடங்கின. வருவது உண்மையா பழசா என்று கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியவில்லை. சுகந்தி கொப்பியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். கடைசி இலக்கம் மாறினால் உண்மை.

மூன்று நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு யோகனின் எண் வந்தது. பக்கத்தில் இருந்த இலக்கம் கடைசியில் மட்டுமல்ல, நடுவிலும் மாறியிருந்தது. சுகந்தி அதை ஒவ்வொன்றாக, நடுங்காத குரலில் வாசித்தார். தலைவர் அதைக் கேட்டு வயர்லெஸ்ஸில் திருப்பிச் சொன்னார். அவர் கணித்த இடத்துக்கு இன்னும் கொஞ்சம் வெளியே, ஆனால் அதே பக்கம்தான். இரண்டு படகுகளும் அங்கே போய்ச் சேர அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. இரண்டு பேரையும் கண்டுவிட்டோம் என்று குரல் வந்தபோது சுகந்தி கொப்பியை மூடி வைத்துவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அதுவரை அழவில்லை.

பழைய வலை ஒன்று படகின் விசிறியில் சிக்கி எஞ்சின் நின்றுவிட்டதாம். முதல் அலையிலேயே வயர்லெஸ் நனைந்துவிட்டது. நனையாத சாமான் எங்கள் பெட்டி மட்டும்தான். நனைந்து விறைத்துப்போய்க் கரையில் நின்ற யோகன் என்னிடம் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. சும்மா கதை போலத்தான் சொன்னார்.

"நூறு தரம் அமத்தியிருப்பன் மிஸ். ஏன் ஒருத்தரும் வரேல்லை எண்டு மச்சானும் நானும் யோசிச்சுக்கொண்டு இருந்தனாங்கள்."

அவர் அமத்திய ஒவ்வொரு தடவையும் அது என் ட்ரைவரிடம் வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவர் நின்ற இடத்தை எறிந்துவிட்டு, பழைய இடத்துக்குப் புதிய நேரம் போட்டுக் கொடுத்திருக்கிறது. அவர் கூப்பிடக் கூப்பிட அந்தப் பொய்ப் புள்ளி இன்னும் நம்பக்கூடியதாக மாறியிருக்கிறது. அன்று பஸ்ஸில் வரும்போது நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா எனக்கு ஏதோ செத்தவீடு என்று நினைத்து ஒரு தோடம்பழம் தந்தார்.

திருத்தியது எப்படி என்று கேட்பீர்கள். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. விடிய, ஒருவரும் கடலுக்குப் போக முன்னர், கணினியில் மெமரி தாராளமாக இருக்கும்போதே ஒவ்வொரு படகுக்கும் ஒரு இடத்தை எடுத்து ஒதுக்கி வைத்தேன். அந்த இடத்தை வரைபடமோ வேறெதுவுமோ தொட முடியாது. அதையும் மீறி ஏதும் நடந்தால், ட்ரைவர் இல்லை என்று சொல்லும், படகிடமிருந்து கடைசியாகக் கேட்ட நேரத்தையும் சொல்லும். நேரத்தை இனி எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாது. நிரூபனும் தன் நீலக் கடலைப் பாதியாகக் குறைத்தான். முகத்தை ஒரு கிழமை தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும் குறைத்தான்.

நீங்கள் மறக்கக் கூடாதது ஒன்றே ஒன்று. மெமரி சும்மா ஒரு நாளில் முடியாது. எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிற நாளில்தான் முடியும். நீங்கள் 'இது நடக்காது' என்று எழுதி வைத்த அந்த வரி, ஒருவருடைய வாழ்க்கையில் ஆகக் கெட்ட நாளில் ஓடும். அதனால் அந்த வரியை மற்ற எல்லா வரியையும் விட ஆறுதலாக இருந்து எழுதுங்கள். எழுதிவிட்டு, மெமரியை வேண்டுமென்றே கிடைக்காமல் செய்து, அது என்ன சொல்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

அப்படிப் பார்க்க வேண்டும் என்பதுகூட எனக்கு வந்த யோசனை இல்லை. திருத்தியதைக் கொண்டுபோய்ப் போட்ட அன்று சுகந்தி என்னோடு அதிகம் கதைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன், தலையை மட்டும் ஆட்டினார். எல்லாம் சரி என்று நான் பையைத் தூக்கியபோது கூப்பிட்டார்.

"எனக்கு முன்னாலை ஒருக்கா மெமரி இல்லாமல் பண்ணிக் காட்டுங்கோ அக்கா. இவற்ரை வள்ளத்தையே பண்ணிக் காட்டுங்கோ."

யோகனின் படகு கரையில்தான் கிடந்தது. அதற்கு ஒதுக்கிய மெமரியைப் பறித்துவிட்டு, படகில் நின்றவரைப் பொத்தானை அமத்தச் சொன்னேன். திரையில் அந்தப் படகுக்கு நேரே 'தகவல் இல்லை' என்றும், கீழே கடைசியாகக் கேட்ட நேரமும் வந்தன. சுகந்தி திரைக்குக் கிட்ட வந்து அதை வாசித்தார்.

"உதைப் பாக்க வயித்தைக் கலக்குது" என்றார்.

"சொல்லை மாத்தவோ? கொஞ்சம் மெல்லமாச் சொல்லலாம்."

"வேண்டாம். கலக்கினால்தான் நான் கதிரையை விட்டு எழும்புவன்."

காற்று அடங்கி ஒரு கிழமை கழித்து யோகன் திரும்பக் கடலுக்குப் போனார். அன்று பகல் சுகந்தியிடமிருந்து எனக்கு ஃபோன் வந்தது.

"ஒண்டுமில்லை அக்கா, பயப்பிடாதையுங்கோ. இவற்ரை வள்ளத்துக்கு ஒருக்கா 'இல்லை' எண்டு காட்டினது. ரண்டு நிமிசத்தாலை வந்திட்டுது. சும்மா சொல்லத்தான் எடுத்தனான்."

"அந்த ரண்டு நிமிசமும் என்ன செய்தனீர்?"

"எழும்பிப் போய் வயர்லெஸ்ஸிலை கூப்பிட்டன்."

"என்ன சொன்னவர்?"

"பிட்டுச் சாப்பிடுறாராம். சாப்பிடேக்கை என்னத்துக்குக் கூப்பிடுறாய் எண்டு நல்லா ஏசினவர்" என்று சுகந்தி சிரித்தார். ஃபோனை வைக்க மனம் வராமல் நான் இன்னும் கொஞ்ச நேரம் அவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.